ஒரு கிளாஸ் பெயர் மாறியதற்கு 37 டெஸ்ட்கள் விழுந்தால்

கேள்வி:

நாங்கள் ஐந்து பேர் கொண்ட குழு. ரெயில்ஸ் என்ற ரூபி மொழிச் சட்டகத்தில் எழுதிய ஒரு ஆன்லைன் விற்பனைத் தளத்தைப் பராமரிக்கிறோம். பக்கத்தின் எச்டிஎம்எல்லை உருவாக்கும் டெம்ப்ளேட்களுக்கு மட்டும், ஆர்ஸ்பெக் என்ற டெஸ்ட் கருவியில் 140 டெஸ்ட்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை நான் எழுதியவை. சென்ற மாதம் எங்கள் டிசைனர், தோற்றத்துக்காக வைக்கும் சிஎஸ்எஸ் கிளாஸ்கள் சிலவற்றின் பெயரை மாற்றினார். 37 டெஸ்ட்கள் விழுந்தன. பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் டெஸ்ட்களைச் சரிசெய்ய இரண்டு நாள் போய்விட்டது. அடுத்த வாரமே, அனுப்பியாகிவிட்ட ஆர்டர்களுக்கும் ரத்து பட்டன் தெரிகிறது என்று வாடிக்கையாளர்கள் எழுதினார்கள். அதைத் தடுப்பதற்கென்றே ஒரு டெஸ்ட் இருந்தது. அது பச்சையாகவே, அதாவது பாஸ் என்றே இருந்தது! டெம்ப்ளேட் டெஸ்ட்களை மொத்தமாக அழித்துவிட்டு பிரவுசரில் ஓடும் டெஸ்ட்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் டீம் லீட். மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்று டெஸ்ட்களை இணைத்திருக்கிறேன். அழித்துவிடலாமா? இல்லை, இவற்றைச் சுத்தமாக எழுத வழி இருக்கிறதா?

பதில்:

அழிக்க வேண்டாம். ஆனால் இப்போது இருக்கிறபடியே வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

ஒன்றுமே உடையாதபோது 37 டெஸ்ட்கள் கத்தியிருக்கின்றன. நிஜமாகவே உடைந்தபோது ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. பார்ப்பதற்கு இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள் போல இருக்கும். நீங்கள் அனுப்பிய மூன்று டெஸ்ட்களையும் படித்த பிறகு, வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. டெம்ப்ளேட் என்ன எழுதியது என்பதை அவை பார்க்கின்றன. டெம்ப்ளேட் என்ன முடிவெடுத்தது என்பதைப் பார்க்கவில்லை.

உங்கள் ஆர்டர் பக்கத்தின் டெம்ப்ளேட்டைத் திறந்து வரி வரியாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான வரிகள் அலங்காரம்: இந்த டிவ் டேக்குக்குள் அந்த ஸ்பேன் டேக், அதற்கு இந்தக் கிளாஸ். அவை டிசைனருக்குச் சொந்தம். அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நடுநடுவே சில வரிகள் மட்டும் வேறு மாதிரி. ஆர்டர் அனுப்பியாகிவிட்டதா, அப்படியானால் ரத்து பட்டன் கிடையாது. தள்ளுபடி உண்டா, அப்படியானால் பழைய விலையையும் காட்டு. பட்டியலில் பொருளே இல்லையா, ‘இன்னும் ஆர்டர் எதுவும் இல்லை’ என்று சொல். இந்த லிங்க்கைத் தட்டினால் இந்த ஆர்டரின் இன்வாய்ஸுக்குத்தான் போக வேண்டும், பக்கத்து ஆர்டருடையதற்கு அல்ல. இவைதான் முடிவுகள். பக்கத்தைப் பயன்படுத்துகிறவருக்கு நாம் கொடுத்திருக்கும் வாக்கு இவற்றில்தான் இருக்கிறது.

டெம்ப்ளேட்டுக்கு ஒரு டெஸ்ட் எழுத உட்காரும்போது நான் என்னையே கேட்டுக்கொள்வது இதுதான்: இந்த டெஸ்ட் சிவப்பானால், பக்கத்தைத் திறந்தவர் எதை இழந்திருப்பார்? அதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் அந்த டெஸ்ட்டை எழுத மாட்டேன். உங்கள் 37 டெஸ்ட்களையும் இந்தக் கேள்வியின் முன் நிறுத்திப் பாருங்கள்; அன்றைக்கு யாரும் எதையும் இழக்கவில்லை.

சரி, இனி நீங்கள் அனுப்பியவற்றுக்கு வருகிறேன்.

முதல் டெஸ்ட், பட்டியலின் ஒரு வரிசையை முழுசாக ஒரு நீளமான ஸ்ட்ரிங்காக எழுதி, ரெண்டர் ஆன, அதாவது டெம்ப்ளேட் உருவாக்கித் தந்த எச்டிஎம்எல்லில் அது அப்படியே இருக்கிறதா என்று தேடுகிறது. இதில் ஒரு இடைவெளி கூடினாலும் விழும். டேக்குக்குள் எழுதும் ஆட்ரிபியூட்களின் வரிசை மாறினாலும் விழும். ஒற்றை மேற்கோள் இரட்டை மேற்கோள் ஆனாலும் விழும். இவற்றில் எதையும் பிரவுசர் கண்டுகொள்வதில்லை, பயனருக்கும் தெரியாது. எச்டிஎம்எல் என்பது எழுத்துகளின் வரிசை மட்டுமல்ல, அது ஒரு மரம். மரமாகவே அதைக் கேள்வி கேளுங்கள். ரெயில்ஸில் இதற்கு அசர்ட் செலக்ட் என்ற மெத்தட் வெகுகாலமாக இருக்கிறது. ஆர்ஸ்பெக்கில் டெம்ப்ளேட்டை மட்டும் சோதிக்கும் வியூ ஸ்பெக்கில், கேப்பிபாரா என்ற லைப்ரரியின் மேட்சர்களை (பக்கத்தில் இது இருக்கிறதா என்று பார்ப்பவை) ரெண்டர் ஆன ஸ்ட்ரிங்கின் மீதே நேரடியாகப் பயன்படுத்தலாம்; பிரவுசர் எதுவும் தேவையில்லை. பைதானின் ஜாங்கோ பக்கம் இருப்பவர்களுக்கும் அசர்ட் கன்டெய்ன்ஸில் எச்டிஎம்எல்லாக ஒப்பிடும் ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டால் இடைவெளியும் ஆட்ரிபியூட் வரிசையும் கணக்கில் வராது.

மரத்தில் ஒரு பொருளை எதை வைத்துத் தேடுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஸ்டைலுக்காக வைத்த கிளாஸை வைத்துத் தேடாதீர்கள். எத்தனையாவது டிவ் என்று எண்ணியும் தேடாதீர்கள். பயனர் எதைப் பார்த்து அந்தப் பொருளை அடையாளம் காண்கிறாரோ, டெஸ்ட்டும் அதை வைத்தே தேடட்டும்: பட்டன் மேல் எழுதியிருக்கும் பெயர், லிங்க்கின் வாசகம், இன்புட் பெட்டியின் லேபிள், தலைப்பு. ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பரவலாக இருக்கும் டெஸ்டிங் லைப்ரரியும் இதைத்தான் சொல்கிறது. அதன் ஆவணத்தில் முதல் பரிந்துரை ரோலை (பட்டன், லிங்க், தலைப்பு என்ற பங்கை) வைத்துத் தேடுவது. டெஸ்டுக்கென்றே வைக்கும் டேட்டா ஆட்ரிபியூட் கடைசி இடத்தில்தான் வருகிறது. இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. லேபிளை வைத்துத் தேடும் டெஸ்ட், லேபிளே இல்லாத இன்புட்டைக் கண்டுபிடிக்காமல் விழும். அதே பெட்டியை, திரையை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடரைப் பயன்படுத்துகிறவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

ஆனால் உங்களுடையது போல ஒரே மாதிரி வரிசைகள் அடுக்கி வரும் பக்கத்தில், ‘இன்வாய்ஸ்’ என்ற லிங்க் இருபது இருக்கும். எந்த ஆர்டருடையது என்று சொல்ல ஒரு பிடி வேண்டும். ரெயில்ஸின் டாம் ஐடி என்ற ஹெல்பர், அதாவது டெம்ப்ளேட்டில் கூப்பிடும் உதவி மெத்தட், அந்தப் பிடியைக் கொடுக்கும். 42 ஆம் எண் ஆர்டரின் வரிசைக்கு அந்த எண்ணையே வைத்து ஒரு ஐடி கிடைக்கும். முதலில் அந்த வரிசையைப் பிடியுங்கள், அப்புறம் அதற்குள்ளே ‘இன்வாய்ஸ்’ லிங்க்கைத் தேடி, அது போகும் முகவரியைச் சரிபாருங்கள். டெஸ்டில் இரண்டு ஆர்டர்களையாவது வையுங்கள். ஒரே ஒரு ஆர்டரை வைத்து எழுதிய பட்டியல் டெஸ்ட், லூப்புக்குள் தவறான மாறியை எழுதியிருந்தாலும் பாஸ் ஆகிவிடும்.

இரண்டாவது டெஸ்ட்தான் எனக்கு மிகவும் கவலை தந்தது. ரத்து பட்டனை விட்டுவிட்டது இதுதான். அனுப்பியாகிவிட்ட ஆர்டரை ரெண்டர் செய்து, ‘கேன்சல் ஆர்டர்’ என்ற வாசகம் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்கிறது. நீங்கள் இணைத்திருக்கும் டெம்ப்ளேட்டில் பட்டனின் பெயர் ‘ஆர்டரை ரத்து செய்’. யாரோ எப்போதோ பெயரை மாற்றியிருக்கிறார். அந்த நிமிடத்திலிருந்து உங்கள் டெஸ்ட், பக்கத்தில் வரவே முடியாத ஒரு வாசகத்தைத் தேடி, அது இல்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதன் பிறகு கண்டிஷனை யாரோ தொட்டபோது அதற்குத் தெரிய வழியே இல்லை.

‘இல்லை’ என்று சொல்லும் டெஸ்ட்கள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து இருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தாலும் பாஸ். பக்கம் முழுசாகக் காலியாக வந்தாலும் பாஸ். வேறு டெம்ப்ளேட்டையே ரெண்டர் செய்துவிட்டாலும் பாஸ். எனவே அதைத் தனியாக விடக்கூடாது. இரண்டு டெஸ்ட்களாக, ஜோடியாக எழுதுங்கள். ஒன்றில் ஆர்டர் இன்னும் அனுப்பப்படவில்லை, பட்டன் இருக்கிறது. மற்றதில் அனுப்பியாயிற்று, பட்டன் இல்லை. இரண்டுக்கும் நடுவே அந்த ஒரு நிலை மட்டும்தான் மாற வேண்டும். பட்டனைத் தேடும் வேலையை ஒரே ஒரு சின்ன மெத்தடில் வைத்து, இரண்டு டெஸ்டும் அதையே கூப்பிட வேண்டும். நாளைக்குப் பெயர் மாறினால் ‘இருக்கிறது’ என்னும் டெஸ்ட் உடனே விழும். நீங்கள் போய் அந்த மெத்தடைத் திருத்துவீர்கள். ‘இல்லை’ என்னும் டெஸ்டும் கூடவே உயிர் பெறும்.

அந்த மெத்தடுக்குள் நானாக இருந்தால் பட்டனின் பெயரை வைத்துத் தேட மாட்டேன். பயனர் பார்ப்பதை வைத்துத் தேடுங்கள் என்று இப்போதுதான் சொன்னேன், உண்மை. இங்கே மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் நமக்கு இங்கே முக்கியம் பட்டனின் வாசகம் அல்ல, ரத்து செய்யும் வழி பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான். ரெயில்ஸின் பட்டன் டூ ஹெல்பர் ஒரு ஃபார்மை உருவாக்குகிறது. அந்த ஃபார்மின் ஆக்‌ஷன் முகவரியை, தளத்தின் முகவரிகளை ஆக்கித் தரும் ரூட் ஹெல்பரை வைத்தே எழுதித் தேடுங்கள். பெயர் எப்படி மாறினாலும் பாதிப்பில்லை. ரூட்டின் பெயர் மாறினால் அந்த ஹெல்பரே இல்லாமல் போய் டெஸ்ட் எரரோடு நிற்கும். ‘இல்லை’ என்று சொல்லும் டெஸ்ட் ஒன்று சத்தமாக விழக்கூடிய வழி இது. நான் இதை மிகவும் மதிக்கிறேன்.

கேப்பிபாராவில் ஒரு பள்ளமும் உண்டு, பார்த்து நடங்கள். பட்டனைத் தேடும் மேட்சர், தனியாகச் சொல்லாவிட்டால், டிசேபிள் செய்யப்பட்ட பட்டன்களைக் கணக்கில் எடுக்காது. ஆக, பட்டன் சாம்பல் நிறத்தில் பக்கத்தில் இருந்துகொண்டே இருக்கும், டெஸ்ட் ‘பட்டன் இல்லை’ என்று பாஸ் ஆகும். உங்கள் வாக்கு ‘பட்டனே தெரியக்கூடாது’ என்பதா, ‘அழுத்த முடியக்கூடாது’ என்பதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டும் வேறு வேறு டெஸ்ட்கள்.

இதோடு இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும். அனுப்பியாகிவிட்ட ஆர்டரை ரத்து செய்யச் சொல்லி வரும் கோரிக்கையை உங்கள் சர்வர் மறுக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பட்டனை மறைப்பது வசதி மட்டும்தான், பூட்டு அல்ல. பழைய பக்கத்தை டேபில் திறந்தே வைத்திருப்பவர் இன்னும் அழுத்துவார். அந்த டெஸ்ட் மாடலுக்கான ஸ்பெக்கிலோ, சர்வருக்குக் கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் ரிக்வெஸ்ட் ஸ்பெக்கிலோ இருக்க வேண்டும். இல்லையென்றால் டெம்ப்ளேட்டை ஒதுக்கிவைத்துவிட்டு இன்றைக்கே அதை எழுதுங்கள்.

‘இல்லை’ டெஸ்ட்களின் ஆபத்தை இரட்டிப்பாக்கும் ஒரு குணம் டெம்ப்ளேட்களுக்கு இருக்கிறது. அவை தவறைச் சொல்லாமல் விழுங்கிவிடும். ரெயில்ஸில் யாரும் மதிப்புக் கொடுக்காத இன்ஸ்டன்ஸ் மாறியை டெம்ப்ளேட்டில் எழுதினால் அது ‘நில்’ (nil, மதிப்பே இல்லை); வெற்றிடமாக அச்சாகும். ஜாங்கோவும் இல்லாத மாறிக்கு வெற்று ஸ்ட்ரிங்கைத்தான் வைக்கிறது. ஜின்ஜா, முஸ்டாஷ் என்ற டெம்ப்ளேட் மொழிகளும் அப்படியே. பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஓர் இடத்தில் இதனால் நன்றாகவே அடிபட்டோம். இன்வாய்ஸ் பக்கத்தில் வரி (டாக்ஸ்) எண் வரும் இடத்தில், ஒரு மாறியின் பெயரை, டெம்ப்ளேட்டுக்குத் தகவல் கொடுக்கும் கன்ட்ரோலரில் மாற்றிவிட்டு டெம்ப்ளேட்டில் மாற்ற மறந்துவிட்டேன். லேபிள் இருந்தது, பக்கத்தில் எண் இல்லை. பக்கத்தைத் திறந்தால் எரர் எதுவும் வரவில்லை. டெஸ்ட்கள் லேபிளை மட்டும் பார்த்தன, எல்லாம் பச்சை. வாடிக்கையாளர்களின் கணக்காளர்கள் இன்வாய்ஸ்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. அவர்கள் ஒவ்வொருவரும் எங்களால் ஒரு வேலையை இரண்டு முறை செய்தார்கள். அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அன்றிலிருந்து, லேபிள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் டெஸ்டை நான் ஏற்பதில்லை. மதிப்பைப் பாருங்கள், அதுவும் தற்செயலாக வேறெங்கும் வர முடியாத மதிப்பை. அளவு ‘1’ என்று வைத்துப் பக்கத்தில் ‘1’ இருக்கிறதா என்று தேடினால், அது தேதியிலும் கிடைக்கும், பக்க எண்ணிலும் கிடைக்கும். 7319 என்று வையுங்கள். அதோடு, விழுங்கும் குணத்தையே குறைக்க முடிந்தால் குறையுங்கள். ஜின்ஜாவில் ஸ்ட்ரிக்ட் அன்டிஃபைன்ட் என்ற அமைப்பு இருக்கிறது, இல்லாத மாறியைத் தொட்டால் எரர் தரும். ரெயில்ஸில் 2023 இல் வந்த 7.1 பதிப்பிலிருந்து, ஒரு டெம்ப்ளேட்டின் தலையிலேயே ‘எனக்கு இந்த லோக்கல்கள் மட்டும் வேண்டும்’ என்று, கையில் கொடுக்க வேண்டிய மாறிகளை அறிவிக்கலாம். கேட்டதைக் கொடுக்காவிட்டாலோ கேட்காததைக் கொடுத்தாலோ நின்றுவிடும். மொழிபெயர்ப்பு விடுபட்டால் எரர் எழுப்பச் சொல்லும் அமைப்பையும் டெஸ்ட் சூழலில் போட்டுவையுங்கள்.

மூன்றாவது டெஸ்டுக்கு வருவோம். எதிர்பார்ப்பு ஒரே ஒரு வரி, அதற்கு முன் பதினொரு ஸ்டப்கள், அதாவது நிஜ மெத்தட்களுக்குப் பதிலாக வைத்த போலிப் பதில்கள். கரண்ட் யூசர், கார்ட், செட்டிங்ஸ், டெலிவரி பார்ட்னர், இன்னும் என்னென்னவோ. இதை டெஸ்டின் குற்றமாக மட்டும் பார்க்காதீர்கள். டெம்ப்ளேட் உங்களிடம் புகார் செய்கிறது: ‘நான் பதினொரு இடங்களுக்குப் போய்த் தகவல் கேட்கிறேன்’ என்று. கரண்ட் யூசர் போன்றவை கன்ட்ரோலரில் வரையறுக்கப்பட்டு டெம்ப்ளேட்டுக்குக் கடன் வருபவை. தனியாக ரெண்டர் செய்யும்போது அவை அங்கே இருக்காது. அதனால்தான் ஆர்ஸ்பெக்கில் அதை ஸ்டப் செய்யப் போனால், இல்லாத மெத்தடை ஸ்டப் செய்கிறாய் என்று வெரிஃபிகேஷன் கத்துகிறது. நீங்கள் அந்த வெரிஃபிகேஷனையே அணைத்துவைத்திருக்கிறீர்கள். அதைத் திரும்பப் போடுங்கள். வேண்டிய தகவலை, பக்கத்தின் ஒரு துண்டுக்கான டெம்ப்ளேட்டான பார்ஷியலுக்கு லோக்கலாகக் கையில் கொடுங்கள்.

உங்கள் ரத்து கண்டிஷனையே எடுத்துக்கொள்வோம். டெம்ப்ளேட்டில் ஒரே வரியில் நான்கு கேள்விகள்: அனுப்பியாயிற்றா, பணம் கட்டியாயிற்றா, பார்ப்பவர் ஆர்டர் போட்டவர்தானா, ரத்துக்கான கெடு முடிந்ததா. நான்கு ஆம்-இல்லைகள் என்றால் 16 சேர்க்கைகள். இத்தனையையும் எச்டிஎம்எல் ரெண்டர் செய்து பார்ப்பது வீண் வேலை. கண்டிஷனை டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்து ஒரு சாதாரண ரூபி ஆப்ஜெக்டில், ‘ரத்து செய்யலாமா’ என்று கேட்கும் ஒரு மெத்தடாக வையுங்கள். ப்ரெசென்டர் என்பார்கள், டெகரேட்டர் என்பார்கள். பெயர் எதுவானால் என்ன. 16 சேர்க்கைகளையும் அந்த மெத்தடின் மேல் எழுதுங்கள், எச்டிஎம்எல் வாடையே இல்லாமல். டெம்ப்ளேட்டுக்கு மிச்சம் இருப்பது இரண்டே டெஸ்ட்கள்: ஆம் என்றால் பட்டன் உண்டு, இல்லை என்றால் கிடையாது. பதினொரு ஸ்டப்கள் ஒன்றாகிவிடும்.

சுத்தமான டெம்ப்ளேட் டெஸ்ட் எழுதுவதில் பாதிக்கு மேல் டெம்ப்ளேட்டைச் சுத்தம் செய்யும் வேலைதான். மேட்சர்களையும் டூல்களையும் மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களைவிட, கண்டிஷன்களை டெம்ப்ளேட்டிலிருந்து வெளியே எடுத்தவர்களே நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தகவலைத் தயார் செய்வதில் இன்னொரு பழக்கத்தையும் மாற்றுங்கள். உங்கள் டெஸ்டில் ‘ஆர்டரின் மொத்தம் 4,250’ என்று எதிர்பார்க்கிறீர்கள். அந்த 4,250 எங்கிருந்து வந்தது என்று டெஸ்டைப் படித்தால் தெரியவில்லை. வேறு ஃபைலில் இருந்து மாதிரித் தகவலை உருவாக்கித் தரும் ஃபேக்டரியின் உள்ளே ஒளிந்திருக்கிறது. இதை மிஸ்டரி கெஸ்ட் என்பார்கள், கூப்பிடாமல் வந்து உட்கார்ந்திருக்கும் விருந்தாளி. எதிர்பார்ப்பில் வரும் ஒவ்வொரு மதிப்பும் அதே டெஸ்டுக்குள், கண்ணுக்கெதிரே எழுதியிருக்க வேண்டும். எதிர்பார்ப்புக்குத் தொடர்பில்லாதது டெஸ்டுக்குள் தெரியவே கூடாது. ஃபேக்டரி பாட் பயன்படுத்துகிறீர்கள் என்று பார்த்தேன். டெம்ப்ளேட் டெஸ்ட்களில் டேட்டாபேஸில் சேமிக்கும் கிரியேட்டுக்குப் பதில் பில்ட் ஸ்டப்ட் போதும். ஐடி கிடைக்கும், ரூட் ஹெல்பர்கள் வேலை செய்யும், டேட்டாபேஸ் பக்கம் போகாது. டெம்ப்ளேட் ரகசியமாக ஏதாவது குவெரி போட முயன்றால் சில நேரங்களில் அதுவும் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றை நானே சேர்க்கிறேன், ஏனென்றால் இது பாதுகாப்பு. ரெயில்ஸ் 2010 இல் வந்த 3 ஆம் பதிப்பிலிருந்தும், ஜாங்கோ 2008 இல் வந்த 1.0 இலிருந்தும் மாறிகளைத் தானாகவே எஸ்கேப் செய்கின்றன, அதாவது மாறிக்குள் வரும் டேக்குகளை வெறும் எழுத்தாகக் காட்டுகின்றன. அதனால் இதை மறந்தே போகிறோம். ஆனால் உங்கள் டெம்ப்ளேட்டில் வாடிக்கையாளரின் குறிப்பு வரும் இடத்தில், எஸ்கேப் செய்வதை நிறுத்தும் ‘ரா’ ஹெல்பர் இருக்கிறது. வரி உடைப்புகள் தெரிய வேண்டும் என்று யாரோ போட்டிருக்கலாம். அந்த ஹெல்பர் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு டெஸ்ட் அவசியம். குறிப்புக்குள் ஒரு ஸ்கிரிப்ட் டேக்கை வைத்து ரெண்டர் செய்யுங்கள். குறிப்புப் பெட்டிக்குள் ஸ்கிரிப்ட் எலிமென்ட் எதுவும் உருவாகியிருக்கக் கூடாது. அதோடு, குறிப்பில் டேக்குக்கு முன்னால் எழுதிய சாதாரண வாசகம் அங்கே தெரிய வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால், குறிப்பே வராத பக்கமும் பாஸ் ஆகிவிடும். மறுபடியும் அதே ‘இல்லை’ டெஸ்ட் கதைதான். வரி உடைப்புக்கு சிம்பிள் ஃபார்மட் ஹெல்பர் இருக்கிறது. அது தன் போக்கிலேயே ஆபத்தான டேக்குகளை நீக்கிவிடும்.

பார்ஷியலைத் தனியாக டெஸ்ட் செய்யும்போது உங்களைக் குழப்பக்கூடிய ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், அரை நாள் மிச்சமாகும். டேபிளின் ஒரு வரிசையை மட்டும் ரெண்டர் செய்யும் பார்ஷியலை எச்டிஎம்எல்5 பார்சரிடம் கொடுத்தால், டேபிளுக்கு வெளியே வந்த டிஆர், டிடி டேக்குகளை அது தூக்கி எறிந்துவிடும். உள்ளே இருந்த எழுத்துகள் மட்டும் மிஞ்சும். விதிமுறையே அப்படித்தான், பிழை அல்ல. ரெண்டர் ஆனதை ஒரு டேபிளுக்குள் வைத்துப் பார்ஸ் செய்யுங்கள், சரியாகிவிடும். இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள். பார்சர்கள் மூடாத டேக்குகளைத் தாங்களே மூடிக்கொள்ளும். எனவே டேக் ஒழுங்காக மூடியிருக்கிறதா என்பதை இந்த டெஸ்ட்கள் சொல்லாது. அதற்கு, எழுதிய நிரலையே படித்துப் பிழை பார்க்கும் லின்டர்தான் சரி.

வெளியீட்டை அப்படியே சேமித்துவைத்து அடுத்த முறை ஒப்பிடும் ஸ்னாப்ஷாட் டெஸ்ட் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் டெஸ்ட் கருவியான ஜெஸ்ட் 2016 இல் அதைக் கொண்டுவந்த பிறகு பல மொழிகளிலும் பரவிவிட்டது. முழுப் பக்கத்தை ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால், அது உங்கள் முதல் டெஸ்ட்டின் பெரிய அண்ணன், அவ்வளவுதான். எது மாறினாலும் விழும். நாலாவது முறை எல்லாரும் வித்தியாசத்தைப் படிக்காமலே அப்டேட் கட்டளையைத் தட்டுவார்கள். நடத்தை மாறாமல் நிரலை மாற்றி எழுதும் பெரிய ரீஃபேக்டரிங்கின்போது ‘ஒன்றும் மாறவில்லை’ என்று உறுதி செய்துகொள்ள மட்டும், தற்காலிகமாகப் பயன்படுத்தியிருக்கிறேன். வேலை முடிந்ததும் அழித்துவிடுவேன்.

உங்கள் டீம் லீட் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆர்டர் போடுவது, பணம் கட்டுவது, ரத்து செய்வது போன்ற முழுப் பயணங்களுக்கு பிரவுசர் டெஸ்டை விஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஒரு பக்கத்தின் எல்லா நிலைகளையும் பிரவுசரில் போய்ப் பார்க்க முடியாது. பாதி திருப்பி அனுப்பிய ஆர்டர், முகவரி நீக்கப்பட்ட ஆர்டர், பெயர் மிக நீளமான பொருள்: ஒவ்வொன்றுக்கும் லாகின் செய்து, கார்ட்டில் போட்டு அந்த நிலையை அடைய வேண்டும். மெதுவாக இருக்கும், காரணமில்லாமல் சில நாள் விழும். காரணமில்லாமல் விழும் டெஸ்டைக் குழு நம்புவதை நிறுத்திவிடும். டெம்ப்ளேட் டெஸ்டில் அந்த நிலையை இரண்டு வரியில் உருவாக்கலாம். அதனால் இரண்டும் வேண்டும். பயணங்கள் சில, பிரவுசரில். நிலைகள் பல, டெம்ப்ளேட்டில்.

இனி 140 டெஸ்ட்களை என்ன செய்வது? உட்கார்ந்து எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டாம், தாங்காது. ஆர்டர் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டெம்ப்ளேட்டில் உள்ள ஒவ்வொரு இஃப்பையும் ஒவ்வொரு லூப்பையும் தேடுங்கள். ஒரு இஃப்பை வேண்டுமென்றே தலைகீழாக்கிவிட்டு டெஸ்ட்களை ஓட்டுங்கள். ஏதாவது சிவப்பானால் அந்த முடிவுக்குக் காவல் இருக்கிறது. ஒன்றும் ஆகாவிட்டால் அங்கே காவல் இல்லை. ஜோடி டெஸ்ட் எழுதுங்கள். கண்டிஷனைப் பழையபடி திருப்புங்கள், அடுத்த இஃப்புக்குப் போங்கள். புதிதாக எழுதும் டெஸ்டையும் இப்படி ஒரு முறை சிவப்பாகப் பார்த்த பிறகே கமிட் செய்யுங்கள். அலங்காரத்தைப் பார்க்கும் பழைய டெஸ்ட்களைத் தேடிப்போய் அழிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை டிசைனர் எதையாவது மாற்றும்போது அவை தாங்களாகவே விழும். அப்போது ஒவ்வொன்றிடமும் ‘யார் எதை இழந்தார்?’ என்று கேளுங்கள். பதில் இல்லாததைச் சரிசெய்ய நேரம் செலவழிக்காமல் நீக்கிவிடுங்கள், நீக்கியதற்கான காரணத்தைக் கமிட் செய்தியில் எழுதுங்கள்.

டீம் லீடிடம் வாதம் செய்ய வேண்டாம். ரத்து பட்டனுக்கான ஜோடி டெஸ்டை முதலில் எழுதிவிட்டு அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கண்டிஷனைத் தலைகீழாக்கி ஓட்டிக் காட்டுங்கள், இரண்டும் சிவப்பாகும். திருப்பி வையுங்கள், பச்சையாகும். அப்புறம் பட்டனின் கிளாஸ், அதைச் சுற்றியுள்ள டிவ், பட்டனின் பெயர் மூன்றையும் அவரையே மாற்றச் சொல்லி, மறுபடி ஓட்டுங்கள்.